ஒன்பது பக்க ஒப்பந்தம், நான்கரை லட்சம் ரூபாய்: கையெழுத்திடும் முன் எதையெல்லாம் பேச வேண்டும்?

வைகைக்கரை நிரலர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, பெற்றோருடன் இருக்க வேண்டிய தேவையால் மதுரைக்குத் திரும்பி, இப்போது ஃப்ரீலான்ஸ் முறையில் பணி செய்து வருகிறேன். இதுவரை வந்தவை எல்லாம் தெரிந்தவர்கள் வழியாக வந்த சிறிய வேலைகள். கடைகளுக்கான இணையதளம், ஒரு பள்ளிக்கான கட்டண வசூல் மென்பொருள் போன்றவற்றில் வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது.

இப்போது பெங்களூருவில் உள்ள ஒரு சரக்குப் போக்குவரத்து ஸ்டார்ட்அப் நிறுவனம், லாரி உரிமையாளர்களுக்கு ஒன்று, ஓட்டுநர்களுக்கு ஒன்று என இரண்டு செயலிகளையும், அவற்றின் பின்னால் இயங்கும் சர்வர் பகுதியையும் நான் ஒருவனே உருவாக்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறது. என் மதிப்பீட்டில் இது மூன்று மாத முழுநேர வேலை. மொத்தத் தொகை 4,50,000 ரூபாய் என்று அவர்களே குறிப்பிட்டு, ஒன்பது பக்க ஒப்பந்தம் ஒன்றை அனுப்பி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பழைய நிறுவனத்தில் என் ஆண்டுச் சம்பளம் 12 லட்சம் ரூபாய் என்பதால், மூன்று மாதத்துக்கு நான்கரை லட்சம் நல்ல தொகையாகவே தோன்றுகிறது. ஆனால் ஷரத்துகளைப் படித்தபோது தயக்கம் வந்தது.

செயலி 'நிறுவனத்தின் முழுத் திருப்திக்கு ஏற்ப' ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களில் முழுத் தொகையும் தரப்படும் என்கிறார்கள். அந்தத் திருப்தியை எப்படி அளப்பது என்று எங்கும் சொல்லப்படவில்லை. நான் எழுதும் சோர்ஸ் கோட் (மென்பொருளின் மூல நிரல்) எழுதிய கணத்திலேயே அவர்களுக்கு உரிமையாகிவிடும் என்றும், நான் முன்பே எழுதி வைத்திருந்து இதில் பயன்படுத்தும் பகுதிகளும் அதில் அடங்கும் என்றும் ஒரு ஷரத்து இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பின்பும் இரண்டு ஆண்டுகளுக்குப் போக்குவரத்துத் துறையில் வேறு யாருக்கும் நான் மென்பொருள் செய்யக் கூடாது. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் மொத்தத் தொகையில் 1 சதவீதம் கழிக்கப்படும். மென்பொருளால் அவர்களுக்கு ஏற்படும் எந்த நட்டத்துக்கும் வரம்பின்றி நான் பொறுப்பு. அவர்கள் விரும்பினால் எந்த நாளிலும் காரணம் கூறாமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அப்படி முடித்தால் அதுவரை செய்த வேலைக்கு என்ன கிடைக்கும் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இவற்றை எல்லாம் கேட்டால் வேலையே கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள், எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கொங்குநாட்டு டெவலப்பர்:

வணக்கம். ஷரத்துகளைப் பற்றிச் சட்டம் தெரிந்தவர்கள் எழுதுவார்கள். நான் தொகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் நீங்கள் நல்ல தொகை என்று கருதி அதைக் கடந்து சென்றுவிட்டீர்கள். அது நல்ல தொகை இல்லை.

12 லட்சத்தை 12-ஆல் வகுத்து, மாதம் ஒரு லட்சம், மூன்று மாதத்துக்கு மூன்று லட்சம், ஆகவே நான்கரை லட்சம் கூடுதல் என்று நீங்கள் கணக்கிட்டிருக்கிறீர்கள். வேலையை விட்டு வெளியே வரும் எல்லோரும் முதலில் போடும் கணக்கு இதுதான். சம்பளம் என்பது விடுப்பு நாட்களுக்கும், வேலை இல்லாமல் காத்திருந்த வாரங்களுக்கும், கூட்டங்களில் கழிந்த மணிகளுக்கும் சேர்த்தே வந்த பணம். அதற்கு மேல் நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குத் தன் பங்கைச் செலுத்தியது, மருத்துவக் காப்பீடு எடுத்தது, லேப்டாப் தந்தது, பணிக்கொடைக்கு ஒதுக்கியது. இப்போது இவை அனைத்தும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும்.

ஆண்டின் 365 நாட்களில் சனி, ஞாயிறு 104 நாட்களைக் கழித்தால் 261. பொங்கல், தீபாவளி உள்ளிட்ட பண்டிகைகளுக்கு 15 நாட்களும், உடல்நலக் குறைவு, சொந்த வேலைகளுக்கு 20 நாட்களும் கழித்தால் 226 நாட்கள் மிஞ்சும். அந்த 226 நாட்களும் பணம் தரும் நாட்கள் அல்ல. புதிய கிளையன்ட்டிடம் பேசுவது, மதிப்பீடு எழுதுவது, இன்வாய்ஸ் அனுப்புவது, வராத பணத்தைக் கேட்டு நடப்பது, புதிய தொழில்நுட்பத்தைக் கற்பது ஆகியவற்றுக்கு யாரும் காசு தருவதில்லை. தனியாகப் பணி செய்பவருக்கு 60 சதவீத நாட்கள் பணம் தரும் நாட்களாக அமைந்தால் அது நல்ல ஆண்டு என்பேன். அப்படியானால் உங்கள் கையில் இருப்பவை ஏறத்தாழ 135 நாட்கள். பழைய வருமானமான 12 லட்சத்தோடு காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு, கருவிகள், ஆடிட்டர் கட்டணம், மின்சாரம், இணையம் ஆகியவற்றுக்கு 3 லட்சம் சேர்த்தால் 15 லட்சம். அதை 135-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 11,000 ரூபாய் வருகிறது. பழைய வாழ்க்கைத் தரத்தை அப்படியே தக்கவைப்பதற்கான தொகைதான் இது. இதில் லாபம் என்று எதுவும் இல்லை.

மூன்று மாதம் என்பது 60 வேலை நாட்கள் என்று கொண்டாலும், அடிப்படைச் செலவே 6,60,000 ரூபாய் ஆகிறது. மேலும் மொத்தத் தொகை பேசி வேலை செய்யும்போது மதிப்பீடு தவறினால் நட்டம் முழுவதும் உங்களுடையது. இரண்டு செயலிகளும் ஒரு சர்வரும் சேர்ந்த பணியில், குறிப்பாக வரைபடம், இருப்பிடத் தகவல், ஓட்டுநர்களின் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் ஆகியவை இருக்கும் இடத்தில், மதிப்பீடு தவறவே செய்யும். அதற்காக 20 சதவீதம் சேர்ப்பது நியாயம். ஆக எட்டு லட்சத்துக்கு அருகில் இருக்க வேண்டிய பணிக்கு நான்கரை லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள்.

நேராகப் போய் எட்டு லட்சம் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. 4,50,000-ஐ 11,000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 41 நாட்கள் வருகின்றன. அவர்களுடைய பட்ஜெட் அதுதான் என்றால், அந்த நாட்களுக்குள் செய்யக்கூடிய முதல் பதிப்பு எது என்பதை நீங்களே முன்மொழியுங்கள்: ஓட்டுநர் செயலி, அதற்குத் தேவையான சர்வர் பகுதி, உரிமையாளர்களுக்கு இப்போதைக்கு ஓர் எளிய இணையப் பக்கம். தொகையைக் குறைக்கச் சொன்னால் வேலையின் அளவைக் குறையுங்கள். அளவு அப்படியே இருக்கத் தொகையை மட்டும் குறைக்கும் பழக்கத்தை ஒருமுறை தொடங்கிவிட்டால், நீங்கள் முதலில் சொன்ன தொகை மிகையாகச் சொல்லப்பட்டது என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

வரி பற்றியும் ஒரு சொல். தொழில்முறைக் கட்டணம் என்ற வகையில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிக் கழித்து அரசுக்குச் செலுத்தும் வருமான வரி) பிடிப்பார்கள். 4,50,000-இல் 45,000 ரூபாய் உடனே கைக்கு வராது. கணக்குத் தாக்கலின்போது அது சரிசெய்யப்படும் என்பதால் நட்டம் இல்லை, ஆனால் மாதச் செலவைத் திட்டமிடும்போது மறந்துவிடக் கூடாது. பிடித்ததை அவர்கள் உங்கள் பான் எண்ணில் செலுத்தினார்களா என்பதை வருமான வரித் தளத்தில் உங்கள் வரி வரவு விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு உங்களுக்குக் கட்டாயம் ஆகாது என்றாலும், தொகை 'வரிகள் நீங்கலாக' என்று இப்போதே எழுதி வையுங்கள். நடுவில் பதிவு செய்ய நேர்ந்தால் 18 சதவீதத்தை உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்காது.

சென்னை வழக்கறிஞர்:

வணக்கம். ஒப்பந்தத்தை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், கையெழுத்திடும் முன் யாராவது ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பொதுவான சட்ட நிலையை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கையில் உள்ள மிகப் பெரிய பலம் பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பாகக் கொள்ளப்படுகிறது. ஊழியர் ஒருவர் தன் பணியின் போக்கில் எழுதும் நிரலுக்கு, மாறான உடன்பாடு இல்லாதவரை, நிறுவனமே முதல் உரிமையாளர். ஆனால் நீங்கள் ஊழியர் அல்லர். சுதந்திரமாகப் பணி செய்து தருபவர். ஆகவே அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேறு எதுவும் எழுதப்படாத நிலையில், நீங்கள் எழுதும் நிரலுக்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான். பணம் கொடுத்துவிட்டதாலேயே உரிமை கிளையன்ட்டுக்குப் போய்விடுவதில்லை. 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், மாற்றித் தருபவர் அதில் கையெழுத்திட வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் அந்த மாற்றம் கொள்ளப்படும்.

இதனால்தான் அந்த ஒன்பது பக்கங்கள் அவர்களுக்குத் தேவைப்படுகின்றன. நாளை ஒரு முதலீட்டாளர் வந்து இந்த மென்பொருள் யாருடையது என்று கேட்டால், உங்கள் கையெழுத்து இல்லாமல் அவர்களால் பதில் சொல்ல முடியாது. ஆகவே நீங்கள் தயங்கி நிற்க வேண்டியதில்லை. அவர்களுக்கு மிகவும் தேவையான ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதைத் தருவதில் உங்களுக்கும் தடை இல்லை. எப்போது தருவது என்பதுதான் கேள்வி. 'எழுதிய கணத்தில்' என்ற சொற்களை நீக்கி, 'ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய தொகை முழுமையாகப் பெறப்பட்டவுடன் அந்தக் கட்டத்தின் பதிப்புரிமை நிறுவனத்துக்கு மாறும்' என்று எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு திருத்தம் கிடைத்தால் மற்ற பல ஷரத்துகளின் கடுமை தானே தணியும். நீங்கள் முன்பே எழுதி வைத்திருக்கும் பகுதிகளைப் பொறுத்தவரை, உரிமை உங்களிடமே இருக்கும், இந்த மென்பொருளின் ஒரு பகுதியாக அவற்றைக் காலவரையின்றிக் கட்டணமின்றிப் பயன்படுத்த அவர்களுக்கு அனுமதி உண்டு என்று எழுதினால் அவர்களுக்கும் குறை இல்லை. எந்தெந்தத் திறந்தமூல நூலகங்களை (யாரும் பயன்படுத்தும்படி பிறர் வெளியிட்ட ஆயத்த நிரல்களை) பயன்படுத்துகிறீர்கள், அவற்றின் உரிமம் கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி வகையா, சேர்த்து வெளியிடும் நிரலையும் திறந்தமூலமாக்கச் சொல்லும் ஜிபிஎல் வகையா என்பதை ஓர் இணைப்பில் சேர்ப்பதும் நல்லது. உங்களுடையது அல்லாத ஒன்றை நீங்கள் மாற்றித் தர முடியாது.

இரண்டு ஆண்டுத் தடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யாதே என்பது செல்லும்; முடிந்த பிறகும் செய்யாதே என்பது செல்லாது என்பதை, கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்புடைய வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆயினும் செல்லாத ஷரத்தும் வக்கீல் நோட்டீஸாக வந்தால் தொல்லைதான். நீக்கச் சொல்லுங்கள், அதற்குப் பதிலாக அவர்களுடைய வணிகத் தகவல்களை வெளியிட மாட்டேன் என்ற உறுதியைத் தயங்காமல் கொடுங்கள். அவர்கள் உண்மையில் அஞ்சுவது அதற்குத்தான்.

நாளுக்கு 1 சதவீதக் கழிவு குறித்து: ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதப்பட்ட தொகை உச்ச வரம்பு மட்டுமே, நீதிமன்றம் அளிப்பது நியாயமான இழப்பீடுதான். ஆனால் பணம் அவர்கள் கையில் இருக்கும்போது அவர்கள் நீதிமன்றம் போக மாட்டார்கள், கழித்துக்கொள்வார்கள். போக வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள். ஆகவே கழிவுக்கு மொத்தமாக 5 சதவீத வரம்பு வையுங்கள், அவர்கள் தர வேண்டிய தகவலோ ஒப்புதலோ தாமதமான நாட்கள் கணக்கில் சேராது என்றும் எழுதுங்கள். வரம்பற்ற பொறுப்பை மட்டும் எந்த நிலையிலும் ஏற்காதீர்கள். உங்கள் மொத்தப் பொறுப்பு, இந்த ஒப்பந்தத்தின் கீழ் நீங்கள் உண்மையில் பெற்ற தொகையைத் தாண்டாது என்பது உலகெங்கும் வழக்கத்தில் உள்ள ஷரத்து. அதைக் கேட்பதில் நாணத்துக்கு இடமில்லை.

60 நாள் கெடுவுக்கு வருகிறேன். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவுத் தளமான உத்யம் தளத்தில் குறுந்தொழிலாக இன்றே பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் இல்லை, ஆதாரும் பான் எண்ணும் போதும், தனிநபரும் பதிவு செய்யலாம். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்கான தொகையை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குள் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும் என்கிறது 16-ஆம் பிரிவு. தகராறு வந்தால், ஒப்பந்தத்தில் பெங்களூரு நீதிமன்றம் என்று எழுதியிருந்தாலும், இத்தகைய நிலுவைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும், நீங்கள் இருக்கும் பகுதிக்கான வசதியாக்க மன்றத்தை 18-ஆம் பிரிவின் கீழ் நாடலாம். மதுரையிலேயே அப்படியொரு மன்றம் இருக்கிறது. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் செல்வதானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். பதிவு, பணியைத் தொடங்கும் முன்பே இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். தகராறு வந்த பிறகு பதிவு செய்தவர்கள் பலர் அதன் பயனை இழந்திருக்கிறார்கள்.

ஆள் அமர்த்துபவர்:

மறுபுறத்தில் இருப்பவனாக எழுதுகிறேன். நான் ஒரு சிறிய நிறுவனத்தில் தயாரிப்புப் பிரிவைக் கவனிக்கிறேன். ஃப்ரீலான்சர்களுக்கு ஒப்பந்தம் அனுப்புவதும் அவர்கள் கேட்கும் திருத்தங்களுக்கு நிதிப் பிரிவிடம் ஒப்புதல் வாங்குவதும் என் வேலை.

முதலில், திருத்தம் கேட்டதற்காக வேலை கைவிட்டுப் போகும் என்று அஞ்ச வேண்டாம். அந்த ஒன்பது பக்கங்களை உங்களுக்கு அனுப்பியவர் அநேகமாக அதை முழுதாகப் படித்திருக்க மாட்டார். எப்போதோ ஒரு வழக்கறிஞர் எழுதித் தந்த மாதிரி, பெயரும் தொகையும் மாற்றி எல்லோருக்கும் போகிறது. எங்களிடம் நன்றாக வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் திருத்தம் கேட்டவர்களே. ஒப்பந்தத்தைக் கவனமாகப் படிப்பவர் பணிக் குறிப்பையும் கவனமாகப் படிப்பார் என்ற நம்பிக்கை எங்களுக்கு ஏற்படுகிறது.

ஆனால் கேட்கும் முறை முக்கியம். இந்த ஷரத்து அநியாயம் என்று மட்டும் எழுதினால், அதை எடுத்துக்கொண்டு என்னால் நிதிப் பிரிவிடம் போக முடியாது. ஷரத்தின் எண், அதற்கு மாற்றாக நீங்கள் விரும்பும் வாசகம், ஒரு வரியில் காரணம் என மூன்றும் இருந்தால் நான் அப்படியே அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடலாம். பதினைந்து திருத்தம் கேட்டால் கோப்பு வழக்கறிஞரிடம் போய்ச் சில வாரங்கள் கிடக்கும். நான்கு கேட்டால் அந்த வாரத்திலேயே முடியும். ஆகவே எந்த நான்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால், கட்டம் கட்டமாகப் பணம், பணம் வந்த பின் உரிமை மாற்றம், ஏற்பு எப்படி நடக்கும் என்பது, பொறுப்புக்கு வரம்பு ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்வேன். காரணம் கூறாமல் முடித்துக்கொள்ளும் உரிமையை நாங்கள் எளிதில் விட்டுத்தர மாட்டோம், ஏனெனில் முதலீடு நின்றுபோனால் எங்களுக்கு வேறு வழி இருக்காது. கட்டம் கட்டமாகப் பணம் வந்தால் அந்த ஷரத்தால் உங்களுக்குப் பெரிய இழப்பும் இல்லை.

ஏற்பு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் தாமதமாவதற்குக் கெட்ட எண்ணத்தை விட இதுவே பெரிய காரணம். செயலியை நீங்கள் ஒப்படைத்ததும் யாரோ ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த ஒருவருக்கு வேறு பத்து வேலைகள் இருக்கும். அவர் பார்க்கும்வரை உங்கள் இன்வாய்ஸ் நகராது. 'ஒப்படைத்த ஏழு வேலை நாட்களுக்குள் குறைகள் எழுத்து மூலம் தெரிவிக்கப்படாவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்' என்ற ஒரு வாக்கியம் இருந்தால், எங்கள் பக்கமே நாட்காட்டியில் குறித்து வைத்துப் பார்த்துவிடுவோம். குறை என்பது, இணைப்பில் உள்ள பணிப் பட்டியலில் சொன்னபடி ஒன்று இயங்காமல் இருப்பது மட்டுமே, புதிதாகத் தோன்றிய விருப்பம் குறை ஆகாது என்றும் எழுதுங்கள். அந்தப் புதிய விருப்பங்களுக்கு ஒரு நாள் கட்டணத்தை இப்போதே குறிப்பிட்டுவிடுங்கள். 'உரிமையாளர் தன் லாரிகளின் பட்டியலைப் பார்க்கலாம்' என்று பணிப் பட்டியலில் எழுதினால், வடிகட்டிப் பார்ப்பதும் எக்செல் கோப்பாக எடுப்பதும் அதில் அடங்கும் என்று எங்கள் பக்கம் நிச்சயம் வாதிடுவோம். எத்தனை திரைகள், ஒவ்வொன்றிலும் என்னென்ன, எந்த ஆண்ட்ராய்டு பதிப்பிலிருந்து இயங்க வேண்டும் என்பது வரை எழுதுங்கள். ஒன்பது பக்க ஒப்பந்தத்தை விட இந்த இணைப்புதான் உங்களைக் காக்கும்.

வருமான வரிச் சட்டத்தில் 2023–24 நிதியாண்டு முதல் வந்த ஒரு மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய கெடுவுக்குள் பணம் தரப்படாவிட்டால், அதைச் செலவாகக் காட்ட உண்மையில் பணம் தரும் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு எங்கள் ஆடிட்டர் ஒவ்வொரு மார்ச் மாதமும் உத்யம் எண் உள்ளவர்களின் நிலுவைப் பட்டியலைக் கேட்கிறார். இன்வாய்ஸிலேயே உங்கள் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். சொல்லாமலே வேலை நடக்கும்.

வைகைக்கரை நிரலர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி நான்கு திருத்தங்களை வாசகத்துடன் எழுதி அனுப்பினேன். உத்யம் பதிவும் முடிந்தது. ஓட்டுநர் செயலியும் சர்வரும் மட்டும் முதல் கட்டமாக, 4,50,000 ரூபாய்க்கு என்று முன்மொழிந்ததை அவர்கள் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டார்கள். பொறுப்பு வரம்பும் ஏழு நாள் ஏற்பும் சரி என்றார்கள். முன்பணம் தரும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்று மட்டும் மறுக்கிறார்கள். அத்துடன், திருத்தப்பட்ட ஒப்பந்தம் அவர்கள் இயக்குநரின் கையெழுத்துக்குக் காத்திருப்பதால், அதுவரை நேரத்தை வீணாக்காமல் திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கச் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் எப்படிப் பதில் சொல்வது? பணம் வராவிட்டால் செயலி தானாக நின்றுபோகும்படி நிரலில் ஒரு பூட்டு வைத்துக்கொள் என்று நண்பர் ஒருவர் அறிவுரை கூறினார். அது சரியா?

நெல்லைச் சீமை:

பூட்டு வேண்டவே வேண்டாம். ஒப்பந்தத்தில் சொல்லாமல் அப்படி ஒன்றை வைத்து, அவர்கள் சர்வரில் இயங்கும் மென்பொருளை நிறுத்தினால், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் நீங்கள் குற்றம் சாட்டப்பட இடமுண்டு. பணம் தராதவர் அவர், ஆனால் காவல் நிலையத்தில் நிற்பவர் நீங்கள் என்றாகிவிடும். அதே பாதுகாப்பை நேர்மையான வழியில் பெறலாம். கட்டத்துக்கான தொகை வரும்வரை சோர்ஸ் கோட், நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளமான கிட்ஹப்பில் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். செயலியை உங்கள் சோதனைச் சர்வரில் இயக்கிக் காட்டுங்கள். பணம் வந்ததும் அந்த நிரல் களஞ்சியத்தை அவர்கள் கணக்குக்கு மாற்றுங்கள். இதை ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாக எழுதுங்கள்.

முன்பணம் என்ற சொல்லில் அவர்களுக்குத் தடை இருந்தால், வேலையின் முதல் பகுதியைச் சிறிதாக்குங்கள். முதல் ஒரு வாரத்தில் திரைகளின் வரைவு, தரவுத்தள வடிவமைப்பு, விரிவான பணிப் பட்டியல் ஆகியவற்றை மட்டும் செய்து ஒப்படைத்து, அதற்கு 55,000 ரூபாய் இன்வாய்ஸ் அனுப்புங்கள். நாள் கட்டணம் 11,000 என்ற கணக்குக்கு அது பொருந்தும். அந்தப் பணம் வந்த பிறகே இரண்டாவது பகுதி தொடங்கும். அவர்கள் கொள்கைப்படி அது முன்பணம் ஆகாது. ஒரு வாரத்துக்கான பணத்தை ஒழுங்காகத் தருகிறார்களா என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். மீதி 3,95,000 ரூபாயை மூன்று பகுதிகளாகப் பிரித்து, கடைசிப் பகுதியை மிகச் சிறியதாக வையுங்கள். கடைசித் தவணைதான் எப்போதும் இழுபடும் என்பது என் அனுபவம்.

வசதியாக்க மன்றம் குறித்து வழக்கறிஞர் சொன்னது சரியே என்றாலும், அங்கும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். மன்றத்துக்குப் போக வேண்டிய தொகை ஒருபோதும் உங்கள் ஒரு மாத வருமானத்தைத் தாண்டாதபடி தவணைகளை அமைப்பதே பாதுகாப்பு.

சென்னை வழக்கறிஞர்:

நெல்லை நண்பர் சொன்ன ஒரு வாரப் பணி, உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடையாகிறது. முழு ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பு முழு வேலையைத் தொடங்காதீர்கள். அந்த ஒரு வாரப் பணியை மட்டும் மின்னஞ்சலில் உறுதி செய்துகொண்டு திங்கட்கிழமை தொடங்கலாம். மின்னணு வழியில் ஏற்படும் ஒப்பந்தம் அந்தக் காரணத்துக்காக மட்டும் செல்லாததாகிவிடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு கூறுவதால், மின்னஞ்சலும் அதற்கு வரும் 'ஒப்புக்கொள்கிறோம்' என்ற பதிலும் போதுமானவை. வாட்ஸ்அப்பில் வேண்டாம், நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே பதில் வரட்டும்.

மின்னஞ்சலின் வாசகத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம்: 'முதன்மை ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, இத்துடன் இணைத்துள்ள வடிவமைப்புப் பணியை மட்டும் வரிகள் நீங்கலாக 55,000 ரூபாய்க்குச் செய்து தர இசைகிறேன். ஒப்படைத்த ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் குறைகள் தெரிவிக்கப்படாவிட்டால் பணி ஏற்கப்பட்டதாகும்; ஏற்கப்பட்ட 15 நாட்களுக்குள் தொகை செலுத்தப்பட வேண்டும். தொகை பெறப்பட்டதும் இந்த ஆவணங்களின் பதிப்புரிமையைக் காலவரையின்றி, உலகம் முழுவதற்குமாக, கையெழுத்திட்ட கடிதம் மூலம் மாற்றித் தருவேன். மேற்கண்டவற்றுக்கு ஒப்புதல் தெரிவித்துப் பதில் அனுப்பக் கோருகிறேன்.' பதில் வந்ததும் அதை அச்சிட்டு உத்யம் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். இயக்குநரின் கையெழுத்துடன் முதன்மை ஒப்பந்தம் வந்ததும், திருத்தங்கள் எல்லாம் இறுதிப் பிரதியில் உண்மையாகவே இடம்பெற்றிருக்கின்றனவா என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நீங்கள் கையெழுத்திடுங்கள். பழைய பிரதியே மறுபடியும் வந்து சேர்வது நடப்பதுண்டு.